டெட்ராசைக்ளினும் கொழும்பும்: மறுக்கப்பட்ட ஒரு மூலப்பொருளின் கதை

1974இல் கொலரா பரவியபோது இலங்கையிடம் டெட்ராசைக்ளின் மூலப்பொருள் இருந்தது. மேற்கு ஜேர்மனியின் ஹோக்ஸ்ட் நிறுவனத்திடமிருந்து அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அதை வாங்கியிருந்தது. அந்தத் தூளைக் கப்சூல்களில் அடைக்கக்கூடிய தொழிற்சாலையும் நாட்டுக்குள்ளேயே இருந்தது. அது பைசர் என்ற அமெரிக்க நிறுவனத்துக்குச் சொந்தமானது. பைசர் அந்தத் தூளைப் பயன்படுத்த மறுத்தது. வாந்திபேதியோடு ஆட்கள் ஆஸ்பத்திரிகளுக்கு வந்துகொண்டிருக்க, டெட்ராசைக்ளின் கப்சூல்கள் கூடிய செலவில் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்கின.

கூட்டுத்தாபனத்தின் தலைவராக இருந்த பேராசிரியர் சேனக பிபிலேயும் பொருளியலாளர் சஞ்சய லாலும் சேர்ந்து எழுதி 'வேர்ல்ட் டிவலப்மென்ட்' ஆய்விதழில் 1977இல் வெளியிட்ட கட்டுரையில் இந்தச் சம்பவம் பதிவாகியிருக்கிறது. அதன் பிறகு இதைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் பெரும்பாலும் அரசியலையே பேசினார்கள். ஒரு பக்கம் பன்னாட்டு நிறுவனம், மறுபக்கம் சின்ன நாடு, நடுவில் அமெரிக்கத் தூதரகம். அந்த அரசியல் உண்மையானதுதான். ஆனால் சண்டையின் அடியில் கிடந்தது ஓர் இரசாயனக் கேள்வி. ஹோக்ஸ்ட் செய்த டெட்ராசைக்ளினும் பைசர் செய்த டெட்ராசைக்ளினும் ஒன்றுதானா? ஒன்றுதான் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு உண்டு? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல, அந்த மஞ்சள் தூள் உயிர்க்கலத்துக்குள் போய் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எந்த உயிரின் கலத்திலும் புரதம் செய்யப்படும் இடம் ரைபோசோம். மரபணுவிலிருந்து படியெடுத்த தூது ஆர்.என்.ஏ. இழையை அது மும்மூன்று எழுத்தாக வாசித்துக்கொண்டு போகும். ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் உரிய அமினோ அமிலத்தைக் காவிக்கொண்டு ஒரு சிறிய ஆர்.என்.ஏ. வந்து அமரும். வந்த அமிலம் வளர்ந்துகொண்டிருக்கும் சங்கிலியோடு கோக்கப்படும், சங்கிலி ஓரடி நகரும், அடுத்தது வந்து அமரும். நன்றாக வளரும் பக்டீரியா ஒன்றில் இது ஒரு செக்கனுக்குப் பதினைந்து, இருபது தடவை நடக்கிறது. டெட்ராசைக்ளின் செய்வது ஒரேயொரு காரியம்தான். ரைபோசோமின் சிறிய பாகத்தில், அடுத்த ஆர்.என்.ஏ. வந்து அமர வேண்டிய இடத்தில் அது ஒட்டிக்கொள்கிறது. பஸ்ஸில் ஆள் இருக்க வேண்டிய இருக்கையில் யாரோ பையை வைத்துவிட்டதைப் போல, வந்த அமிலம் இருக்க இடமில்லாமல் திரும்பிப் போய்விடும். சங்கிலி நீளாது. பக்டீரியா உடனே செத்துவிடுவதில்லை. ஆனால் அது பெருக முடியாது, நஞ்சு செய்யவும் முடியாது. மிச்சத்தை நம் உடலின் எதிர்ப்புச் சக்தி பார்த்துக்கொள்ளும்.

புரத ஆக்கத்தை நிறுத்தும் இரசாயனங்கள் எத்தனையோ உண்டு. அவற்றுள் சில மருந்தாகவும் மற்றவை ஆய்வுகூடத்துப் பொருளாகவும் பிரிந்தது எதனால் என்பதை அறிய, டெட்ராசைக்ளினுக்குப் பக்கத்தில் சைக்ளோஹெக்சிமைட்டை வைத்துப் பார்க்கலாம். இரண்டும் மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசீஸ் இன நுண்ணுயிர்கள் தந்தவை. சைக்ளோஹெக்சிமைட்டை 1940களின் நடுவில் அமெரிக்காவின் அப்ஜோன் நிறுவனத்தில் அல்மா விஃபனும் அவரது சகாக்களும் கண்டெடுத்தார்கள். அது பக்டீரியாவை ஒன்றும் செய்யவில்லை, ஈஸ்ட்டைக் கொன்றது. ஈஸ்ட்டின் ரைபோசோமும் நம்முடைய ரைபோசோமும் ஒரே குடும்பத்தவை என்பதால் நம்மையும் அது விடாது. ஆகவே மருந்தாக அது நிலைக்கவில்லை, ஆய்வுகூடங்களில் நிலைத்தது. ஒரு புரதம் கலத்துக்குள் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று அறிய வேண்டுமானால், கலங்களுக்குச் சைக்ளோஹெக்சிமைட்டைக் கொடுத்துப் புதிய ஆக்கத்தை நிறுத்துவார்கள். பிறகு மணிக்கொரு தடவை மாதிரி எடுத்து, இருந்த புரதம் கரைந்துபோகும் வேகத்தை அளப்பார்கள். தோல்பூஞ்சையை வளர்க்கும் தட்டுகளில் வேண்டாத பூஞ்சைகள் முளைக்காமலிருக்கவும் இதைக் கலப்பதுண்டு. கொழும்பில் இருந்துகொண்டு படர்தாமரைக்கு மாதிரி கொடுத்தவர்கள், பெயரே தெரியாமல் இதன் உதவியைப் பெற்றிருக்கக்கூடும்.

டெட்ராசைக்ளின் இந்த எல்லையின் மறுபக்கத்தில் நிற்கிறது. பக்டீரியா அதைத் தனக்குள் இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது. நம் கலங்கள் அப்படிச் சேர்ப்பதில்லை, நம் ரைபோசோமில் அதன் பிடியும் தளர்வானது. மனிதருக்குக் கொடுக்கக்கூடியதாக இருப்பதற்கு இந்த வேறுபாடுதான் காரணம். என்றாலும் இந்த எல்லை மதில் போன்று உறுதியானதன்று. நம் கலங்களுக்குள் இருக்கும் இழைமணிகள் தமக்கென்று வைத்திருக்கும் ரைபோசோம்கள் பக்டீரியாவினுடையதை ஒத்தவை. 1992இல் ஜேர்மனியின் ஹைடல்பெர்கில் கோசன், புயார்ட் என்ற இருவர் டெட்ராசைக்ளினைக் கொண்டு மரபணுக்களை விரும்பியபோது இயக்கவும் நிறுத்தவும் ஒரு முறையை உருவாக்கினார்கள். உலகமெங்கும் ஆய்வுகூடங்கள் அதைப் பின்பற்றின. ஆய்வாளர்கள் வழக்கமாகப் போடும் அளவிலேயே இந்த மருந்துக் குடும்பம் இழைமணிகளின் புரத ஆக்கத்தைக் குழப்புகிறது என்று 2015இல் சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து ஒரு குழு எச்சரித்தது. அந்த எச்சரிக்கை இன்னும் போதிய அளவு கவனிக்கப்படவில்லை என்பதே என் எண்ணம்.

இந்த மருந்துக் குடும்பத்தின் பிறப்பில் நம் பக்கத்துக்கும் ஒரு பங்குண்டு. முதலாவது டெட்ராசைக்ளினான ஓரியோமைசினை, எழுபது வயதைக் கடந்த தாவரவியலாளர் பெஞ்சமின் டக்கர் மிசூரிப் பல்கலைக்கழகத்து வயலொன்றின் மண்ணிலிருந்து பிரித்தெடுத்தார். அவர் வேலை செய்த லெடர்லே ஆய்வுகூடத்தின் ஆராய்ச்சி இயக்குநர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து, சென்னையில் பள்ளிப் படிப்பை முடித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் கற்றவர். கதர் உடுத்தியதற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்பைத் தேடிக்கொண்டு, முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் வெளியேறியவர். ஓரியோமைசின் 1948 ஜூலையில் நியூயோர்க்கில் அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே சுப்பாராவ் காலமானார்.

ஓரியோமைசினிலிருந்து ஒரு குளோரின் அணுவை நீக்கினால் கிடைப்பது டெட்ராசைக்ளின். பைசரின் லாய்ட் கொனோவர் அதைச் செய்துகாட்டினார். காப்புரிமை 1955 ஜனவரியில் கிடைத்தது. அப்போதைய அமெரிக்கச் சட்டப்படி அதன் ஆயுள் 17 ஆண்டுகள். 1950களின் பெரும்பகுதியில் அமெரிக்காவில் ஐந்து நிறுவனங்கள் டெட்ராசைக்ளினை விற்றன. 100 கப்சூல் கொண்ட போத்தலை மருந்துக்கடைக்காரருக்கு 30.60 டொலர் என்ற ஒரே விலைக்கே கொடுத்துவந்தன. இதை அமெரிக்க செனட் விசாரித்தது. அந்த நாட்டின் வர்த்தக ஆணைக்குழு, காப்புரிமை அலுவலகத்துக்குத் தகவல்கள் மறைக்கப்பட்டன என்று 1963இல் தீர்மானித்தது. விலை பேசிக்கொண்டார்கள் என்ற குற்றவியல் வழக்கில் 1967இல் தண்டனைத் தீர்ப்பு வந்தாலும், பின்னர் நிறுவனங்கள் விடுவிக்கப்பட்டன. இந்தச் சட்ட விவகாரத்தில் நமக்கு வேண்டியது ஒன்றுதான். 1972இல் அந்தக் காப்புரிமை காலாவதியாகிவிட்டது. அதே ஆண்டு கொழும்பில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் இறக்குமதியைத் தொடங்கியது.

கொலராவுக்கும் டெட்ராசைக்ளினுக்கும் உள்ள தொடர்பு நெருக்கமானது. கொலரா உயிரைக் குடிப்பது ஒரு புரதத்தால். 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே, முயலின் குடலைக் கட்டி அதற்குள் கொலராக் கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டிச் செலுத்தினார். கிருமியே இல்லாத அந்தத் திரவத்துக்கே குடல் நீரைக் கொட்டுவதைக் கண்டார். கிருமி வெளிவிடும் நஞ்சுதான் காரணம் என்று அந்தப் பரிசோதனை நிறுவியது. அந்த நஞ்சு கிருமியின் ரைபோசோம்களில் செய்யப்படும் ஒரு புரதம். ரைபோசோமை நிறுத்தினால் கிருமி பெருகுவதும் நின்றுவிடும், நஞ்சும் நின்றுவிடும். 1964இல் டாக்காவிலிருந்து வந்த ஆய்வு டெட்ராசைக்ளின் கொடுத்த நோயாளிகளுக்குப் பேதி விரைவில் நின்றதையும், ஏற்ற வேண்டிய நீரின் அளவு குறைந்ததையும் காட்டியது. கொலராவில் உயிரைக் காப்பது முதலில் நீரும் உப்பும்தான், இதில் ஐயமில்லை. ஆனால் சேலைன் போத்தல்களும் கட்டில்களும் குறைவாக உள்ள நாட்டில், ஒவ்வொரு நோயாளிக்கும் ஓரிரு நாள் மிச்சமாவது சின்ன விடயமில்லை.

கொலராவின் பெயர் தமிழர்களுக்குப் புதிதன்று. தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்த காலத்தில் கப்பலிலும் நடைவழியிலும் அது அள்ளிக்கொண்டு போனவர்களுக்குக் கணக்கில்லை. அதைத் தடுப்பதற்கென்றே இலங்கை அரசாங்கம் இந்தியக் கரையில் மண்டபம் முகாமை நடத்தியது. துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனைக்கும் அந்த அச்சம் பழக்கமானதே. 1974 அந்த நினைவுகளின் மேல் வந்து விழுந்தது. பாணுக்கு வரிசையில் நின்ற காலம் அது. மலையகத் தோட்டங்களில் பட்டினி உயிர்களைக் கொண்டுபோயிற்று. அந்த ஆண்டு தோட்டத் தொழிலாளரிடையே இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது. அந்நியச் செலாவணி இல்லாத நாடு மருந்துக்கு டொலரில் எவ்வளவு கொடுக்கிறது என்பது அரிசிக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதையும் தீர்மானித்தது.

சேனக பிபிலே இந்தக் கணக்கைத் தெளிவாகப் பார்த்தவர். 1920இல் பிறந்தவர், இலங்கையின் முதலாவது மருந்தியல் பேராசிரியர், லங்கா சமசமாஜக் கட்சிக்காரர். அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு எந்தெந்த மருந்துகள் போதும் என்பதைப் பொதுப்பெயர்களில் வரிசைப்படுத்திய மருந்துக் கையேடு 1959இல் வெளிவந்ததற்கு அவரது உழைப்பு முக்கிய காரணம். 1970இல் ஐக்கிய முன்னணி அரசாங்கம் வந்ததும் அவரும், கம்யூனிஸ்ட் தலைவரும் வைத்தியருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் சேர்ந்து மருந்து நிர்வாகம் பற்றிய அறிக்கையை 1971இல் கொடுத்தார்கள். அதன் விளைவே கூட்டுத்தாபனம். தனியார் துறையில் சுமார் 2100 ஆக இருந்த மருந்துகள் சுமார் 600 ஆகக் குறைக்கப்பட்டன. உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்கும் முறை வந்தது. அடுத்த படியாக, இலங்கையில் மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்கு வேண்டிய மூலப்பொருளையும் கூட்டுத்தாபனமே வாங்கிக் கொடுக்கத் தொடங்கியது.

மோதல் வெடித்தது இந்த இடத்தில்தான். அதற்கு முன் வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் தாய் நிறுவனத்திடமிருந்தே மூலப்பொருளை வாங்கின, விலையைத் தாமே தமக்குள் தீர்மானித்தன. டெட்ராசைக்ளின் ஒரு கிலோவுக்குப் பைசரின் விலை ஏறத்தாழ 99 டொலர். ஹோக்ஸ்ட் சுமார் 20 டொலருக்குக் கொடுத்தது. இதை ஒரு நோயாளியின் அளவுக்குக் குறுக்கிப் பார்க்கலாம். கொலராவுக்கு வளர்ந்தவர் ஒருவர் 250 மில்லிகிராம் கப்சூலில் இரண்டை ஒரு நாளைக்கு நாலு தடவை, மூன்று நாளைக்கு எடுக்க வேண்டும். மொத்தம் 24 கப்சூல், 6 கிராம் மருந்து. ஒரு கிலோவில் 166 பேருக்கு வைத்தியம் பார்க்கலாம். ஹோக்ஸ்டின் விலையில் ஒருவருக்கு 12 சதம், பைசரின் விலையில் 59 சதம், இரண்டும் அமெரிக்கச் சதம். மருந்து ஒன்று, நோயாளி ஒருவர், வேறுபாடு ஐந்து மடங்கு.

பைசர் காட்டிய காரணம் தரம். ஹோக்ஸ்டின் மூலப்பொருள் தங்கள் தரத்துக்கு ஒத்துவராது என்றது. இந்த வாதத்தைத் தட்டிக்கழிக்காமல் நேராகப் பார்ப்பதே முறை, ஏனென்றால் பொதுவாக எடுத்துக்கொண்டால் அதில் உண்மை உண்டு. டெட்ராசைக்ளின் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையும். சிதைந்தால் உண்டாகும் பொருட்களில் ஒன்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். காலம் கடந்த டெட்ராசைக்ளினைக் குடித்துச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 1963இல் அமெரிக்க வைத்தியர்கள் எழுதினார்கள். கொழும்பின் காற்றைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இன்னொன்றும் உண்டு. மூலக்கூறு ஒன்றாகவே இருந்தாலும் கப்சூல் வயிற்றில் கரையாவிட்டால் பயனில்லை. ஒரே அளவு ஒக்சிடெட்ராசைக்ளின் கொண்ட வெவ்வேறு நிறுவனங்களின் கப்சூல்கள் இரத்தத்தில் வெவ்வேறு அளவு மருந்தைச் சேர்த்தன என்று 1969இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஆய்வு வந்தது. ஆகவே 'எல்லாம் ஒன்றுதான்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது.

ஆனால் 1974இல் கேட்கப்பட்ட கேள்வி அதுவன்று. ஹோக்ஸ்ட் ஏதோ ஒரு கொட்டிலில் தூள் அரைத்த கம்பனியும் அன்று. சல்வர்சான் என்ற மருந்தை உலகுக்கு விற்ற, மேற்கு ஜேர்மனியின் மிகப்பெரிய இரசாயன நிறுவனங்களில் ஒன்று. அதன் மூலப்பொருளுக்கு மருந்தாக்க ஏடுகள் வகுத்த சோதனைகள் இருந்தன: எவ்வளவு மருந்து உள்ளது, சிதைவுப் பொருள் எவ்வளவு, ஈரம் எவ்வளவு. கப்சூலில் அடைப்பதும் கரையும் தன்மையைப் பார்ப்பதும் பைசரின் சொந்தத் தொழிற்சாலையின் கையிலேயே இருந்த வேலைகள். அந்த மூலப்பொருளைச் சோதித்துப் பார்த்துக் குறையைக் காட்டியிருந்தால் விவாதம் வேறு மாதிரிப் போயிருக்கும். எண்ணிக்கைகளுக்குப் பதிலாகப் பெயரை முன்னிறுத்தியதுதான் பிழை. நோய் பரவிக்கொண்டிருந்த நேரத்தில் அது மன்னிக்கக்கூடிய பிழையும் அன்று.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பைசரின் தொழிற்சாலையை அரசுடைமையாக்கும் யோசனை எழுந்தது. அமெரிக்கத் தூதுவர் நேரடியாகப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவிடம் பேசினார் என்று பிபிலேயும் லாலும் எழுதுகிறார்கள். யோசனை கைவிடப்பட்டது. 1975இல் சமசமாஜக் கட்சி அரசாங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. பிபிலே ஐக்கிய நாடுகளின் வர்த்தக, அபிவிருத்தி மாநாட்டு அமைப்பின் பணியில் சேர்ந்து வேறு நாடுகளுக்கு இதே வழியைச் சொல்லப் போனார். 1977 செப்டம்பர் 29இல் கயானாவில் அந்தப் பணியில் இருந்தபோதே மாரடைப்பால் இறந்தார். உலக சுகாதார நிறுவனத்தின் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியல் அதே ஆண்டில் வெளிவந்தது. அவரது வழியைத் தொடர்ந்தவர்களுள் தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒருவர் மருந்தியலாளர் கே. பாலசுப்பிரமணியம். அவர் அதே ஐ.நா. அமைப்பில் மருந்து ஆலோசகராகவும், பிறகு ஹெல்த் அக்‌ஷன் இன்டர்நேஷனல் அமைப்பின் ஆசிய பசிபிக் பிரிவிலும் பல்லாண்டுகள் உழைத்தார். அவரைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதப்பட வேண்டும்.

1974இல் டெட்ராசைக்ளின் ரைபோசோமை நிறுத்துகிறது என்பது தெரியும். எந்த இடத்தில், எப்படிப் பிடித்துக்கொண்டு நிறுத்துகிறது என்பதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அதைப் பார்த்தவர்களுள் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்தவர். 1952இல் பிறந்து, சின்ன வயதிலேயே பெற்றோருடன் பரோடாவுக்குப் போன வெங்கடராமன் ராமகிருஷ்ணன், கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடத்தில் தம் குழுவினரோடு ரைபோசோமின் சிறிய பாகத்தின் அமைப்பை 2000இல் வெளியிட்டார். வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஒரு பக்டீரியாவின் ரைபோசோமைப் பளிங்காக்கி, அதில் எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் பெற்ற அமைப்பு அது. அதே ஆண்டு அவரது குழு டெட்ராசைக்ளின் ஒட்டிய ரைபோசோமின் அமைப்பையும் வெளியிட்டது. நான்கு வளையங்கள் அடுத்தடுத்து ஒட்டிய தட்டையான மூலக்கூறு ரைபோசோமின் ஆர்.என்.ஏ. மடிப்பொன்றுக்குள் செருகிக்கொண்டிருக்கிறது. அதன் ஒக்சிசன் அணுக்கள் நிறைந்த ஓரம் ஆர்.என்.ஏ.யைப் பற்றியிருக்கிறது, பெரும்பாலும் ஒரு மக்னீசியம் அயனின் துணையோடு. பால், இரும்புக் குளிசை, வயிற்றெரிவுக்குக் குடிக்கும் மருந்து ஆகியவற்றோடு டெட்ராசைக்ளின் எடுக்காதீர்கள் என்று வைத்தியர் சொல்வதற்கும் இதே உலோகப் பிடிப்புத்தான் காரணம். சிறுவயதில் இந்த மருந்தைக் குடித்த பிள்ளைகளின் பல்லில் மஞ்சளும் சாம்பலுமாகக் கறை விழுவதற்கும் அதுவே காரணம், பல்லின் கல்சியத்தையும் அது விடாமல் பிடித்துக்கொள்கிறது.

ராமகிருஷ்ணனுக்கு 2009இல் தோமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோரோடு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. கொழும்புச் சண்டைக்கு அந்தப் பளிங்கு தரும் சாட்சியம் நேரானது. அந்த மடிப்புக்குள் செருகிக்கொள்வது அணுக்களின் ஒழுங்கு. அந்த ஒழுங்கை ஃபிராங்க்பர்ட்டில் செய்தார்களா நியூயோர்க்கில் செய்தார்களா என்பதைப் படித்தறிய ரைபோசோமுக்கு வழியில்லை. கப்சூல் சரியாகக் கரைந்து, சிதையாத மூலக்கூறு போதிய அளவில் கிருமியைச் சென்றடைந்தால், வேலை ஒன்றேதான்.

அப்படியானால் 'சிதையாத, போதிய அளவில்' என்ற நிபந்தனையை யார் உறுதிப்படுத்துவது? ஆய்வுகூடம் மட்டுமே. பிபிலேயின் திட்டத்தில் தரச் சோதனைக்கு இடம் இருந்தது. விலையையும் பட்டியலையும் பற்றிப் பேசிய வேகத்தில் நாம் ஆய்வுகூடத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது என் முடிவு. அவரது எதிரிகளும் பேசவில்லை, அவரைக் கொண்டாடுகிறவர்களும் பேசவில்லை.

வெள்ளவத்தையில் காலி வீதியின் மருந்துக்கடைகளில் பின்னேரம் போய் நின்றால் இந்தக் குறை வேறு உருவத்தில் தெரியும். வைத்தியர் எழுதிய சீட்டில் உள்ள பெயர் கடையில் இல்லை. "அக்கா, இது வேற கொம்பனி. உள்ளுக்க மருந்து ஒண்டுதான்" என்று கவுண்டரில் நிற்கும் பிள்ளை சொல்லும். "எந்த நாட்டு மருந்து?" என்பது உடனே வரும் கேள்வி. நாட்டின் பெயரைச் சொன்னதும் ஒரு தயக்கம். சிலர் கூடிய விலைக்கே பழைய பெயரை வாங்குவார்கள், சிலர் காசை எண்ணிப் பார்த்துவிட்டுப் பாதி மருந்தோடு போவார்கள். அந்தத் தயக்கத்தை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். இந்த மருந்தின் இந்தத் தொகுதி எப்போது, எங்கே சோதிக்கப்பட்டது, பெறுபேறு என்ன என்று அந்தப் பிள்ளையிடம் காட்டுவதற்கு ஒரு கடதாசியும் இல்லை. எண்கள் இல்லாத இடத்தில் மனிதர் பெயரைப் பிடித்துக்கொள்வார்கள். 1974இல் பெரிய நிறுவனம் செய்ததை இன்று வாங்குகிறவர் செய்கிறார், வேறு காரணத்துக்காக.

பாதி மருந்தோடு போவதன் விளைவையும் சொல்ல வேண்டும். கிருமி மருந்துக்கு மசிகிறதா என்று அறிய, ஆய்வுகூடத்தில் கிருமி பூசிய தட்டின் மேல் 30 மைக்ரோகிராம் டெட்ராசைக்ளின் ஊறிய சிறிய கடதாசி வட்டத்தை வைத்து, இரவு முழுக்க வெப்பப்பெட்டியில் விட்டு, காலையில் எடுத்துப் பார்ப்பார்கள். வட்டத்தைச் சுற்றிக் கிருமி முளைக்காத தெளிந்த வளையத்தை அடிமட்டம் வைத்து அளப்பார்கள். குடல்வாழ் பக்டீரியாக்களில் அந்த விட்டம் 15 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தால் மருந்து கேட்கும், 11 அல்லது அதற்குக் கீழே என்றால் கேட்காது. டெட்ராசைக்ளினை வெளியே தள்ளும் பம்புகளையும் ரைபோசோமைக் காக்கும் புரதங்களையும் பல பக்டீரியாக்கள் பெற்றுவிட்டன. 1970களின் இறுதியிலேயே தன்சானியாவிலும் வங்காளதேசத்திலும் டெட்ராசைக்ளினுக்கு மசியாத கொலராக் கிருமி வந்துவிட்டது. அரைகுறையாகக் குடித்த மருந்தும், அளவு குறைந்த தரமற்ற கப்சூலும் கிருமிக்கு ஒரே பாடத்தைத்தான் கற்பிக்கின்றன.

இந்தக் குடும்பத்து மருந்து இன்னும் நமக்குத் தேவை. எலிக்காய்ச்சல் 2008இல் இலங்கையில் 7000க்கும் மேற்பட்டோரைப் பிடித்தது. வயலில் இறங்கும் விவசாயிகளுக்குச் சுகாதாரப் பகுதியினர் வாரத்துக்கு 200 மில்லிகிராம் டொக்சிசைக்ளின் கொடுக்கிறார்கள். 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தபோதும் கையில் எடுத்தது இதே டொக்சிசைக்ளினைத்தான். அந்தக் குளிசையில் எழுதியிருக்கும் அளவு மருந்து உண்மையிலேயே உள்ளே இருக்கிறதா என்பது உயிர்ப் பிரச்சினை.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை உருவாக்கியது. பிபிலேயின் கொள்கை நாற்பது ஆண்டு தாமதித்துச் சட்டமானது என்று பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் 2022இன் பொருளாதார வீழ்ச்சியில் மருந்துகள் தீர்ந்தபோது, பதிவில்லாத மருந்துகளை அவசரமாக வாங்கும் கதவு திறக்கப்பட்டது. 2023இல் அந்த வழியாகத் தரமற்ற இம்யூனோகுளோபுலின் அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்குள் வந்தது. அந்தக் கொள்வனவு தொடர்பாக முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவர் 2024 பெப்ரவரியில் கைதுசெய்யப்பட்டார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நல்ல மூலப்பொருள் பெயரின்பேரில் மறுக்கப்பட்டது. இப்போது மோசமான மருந்து கடதாசியின்பேரில் ஏற்கப்பட்டது. இரண்டு தடவையும் இடையில் இருந்திருக்க வேண்டிய சோதனை இருக்கவில்லை.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். முதலாவது அரசாங்கத்துக்கு. தேசிய மருந்துத் தர உறுதிப்பாட்டு ஆய்வுகூடத்துக்குப் போதிய இரசாயனவியலாளர்களையும் கருவிகளையும் கொடுங்கள். ஒவ்வொரு தொகுதியின் சோதனைப் பெறுபேற்றையும், தேறியதையும் தேறாததையும், மூன்று மொழிகளிலும் வெளியிடுங்கள். இரண்டாவது வாசகருக்கு. அடுத்த தடவை வைத்தியரிடம் போகும்போது மருந்தின் பொதுப்பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மருந்துக்கடையில் அதே பெயரில் உள்ளவற்றின் விலைகளைக் கேளுங்கள், காலாவதித் திகதியைப் பாருங்கள், வைத்தியர் சொன்ன நாள் முழுவதுக்கும் உரிய மருந்தை வாங்கி முழுவதையும் குடித்து முடியுங்கள்.